ஊருக்குள் போனால் சோறு

சென்னையிலிருந்து தெற்கே போகிற சாலையில் இப்போது ஊர்களே இல்லை. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் எல்லாம் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாக வருகின்றன. ஓர் அம்புக்குறியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. நாற்கரச் சாலையும் பைபாஸும் வந்தபின், ஏறக்குறைய 460 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மதுரைக்கு விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். முன்பெல்லாம் பஸ் ஒவ்வோர் ஊர் ஸ்டாண்டுக்குள்ளும் நுழைந்து, ஒரு வட்டம் அடித்து, ஆளை ஏற்றிக்கொண்டு வெளியே வரும். மணப்பாறை வந்தால் ஜன்னலுக்குக் கீழே முறுக்குக் கூடை. சாத்தூர் வந்தால் வெள்ளரிக்காயும் சேவும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவனுக்கும் எந்த ஊர் வந்திருக்கிறதென்று காதும் மூக்கும் சொல்லிவிடும். இப்போது சில மணி நேரம் மிச்சம். அதற்கு நாம் கொடுத்த விலை, வழிச் சாப்பாடு.

அரசு விரைவுப் பேருந்தில் இரவுப் பயணம் போனவர்களுக்கு ‘மோட்டல்’ என்று சொன்னாலே வயிறு ஒருமுறை புரளும். நள்ளிரவு தாண்டி வண்டி நிற்கும். ஸ்பீக்கரில் பழைய பாட்டு அலறும். “வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்பிடுறவங்க சாப்பிடலாம்” என்று ஒரு பையன் பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவான். விழுப்புரத்துக்கு அப்பால் அப்படி ஓர் இடத்தில் எனக்கு வந்த தோசை ஓரத்தில் கருகி நடுவில் மாவாக இருந்தது. சாம்பாரில் பருப்பு இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. விலை மட்டும் சென்னை ஏ.சி. ஹோட்டல் விலை. தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் கேட்டார்கள். ஏன் என்றால், “கரண்டு பில்லு யாரு சார் கட்டுறது?”

இதில் மோட்டல்காரரின் மனசைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். பஸ் எந்த மோட்டலில் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் முடிவாகிறது. சாப்பிட வருகிறவனை அங்கே கொண்டுவந்து இறக்குவது பஸ். ருசிக்கு அதில் பங்கே கிடையாது. சாப்பிட்டவன் திட்டிக்கொண்டே ஏறிப் போனாலும் அரை மணி நேரத்தில் அடுத்த பஸ் வரும். அதில் வேறு ஐம்பது பேர் இருப்பார்கள். அதே இடத்தில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தடுப்புக்குப் பின்னால் தனி மேசை போட்டிருப்பார்கள். அங்கே போகும் தட்டை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பரோட்டா சூடாகப் போகும். குழம்பில் கறி இருக்கும். ஆம்லெட் கேட்காமலே வரும். அதே அடுப்பு, அதே மாஸ்டர். நாளைக்கும் வரப்போகிறவர்கள் அந்த இருவர் மட்டுமே என்பது அடுப்படிக்குத் தெரியும்.

ஒரு கடையில் சமையல் நன்றாக இருக்க, எனக்குத் தெரிந்தவரை ஒரே காரணம்தான். சாப்பிட்டவன் நாளைக்கும் வந்து அதே பெஞ்சில் உட்காருவான், நேற்று உப்பு கூடிப்போச்சு என்று கல்லாவில் இருப்பவரிடம் சொல்வான் என்கிற பயம். அந்தப் பயம் ஊருக்குள்தான் இருக்கிறது, பைபாஸில் கிடையாது. தெற்கே போகும்போதெல்லாம் நான் அம்புக்குறியைப் பார்த்து இடப்பக்கம் இறங்கிவிடுவதற்கு இதுவே காரணம். உள்ளே போய்ச் சாப்பிட்டு வெளியே வர முக்கால் மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை குட்டியோடு, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு முதல் தேவை சோறு இல்லை, கழிப்பறை. ஊருக்குள் இருக்கும் அருமையான மெஸ் பலவற்றில் கை கழுவும் இடமே ஒரு சிமெண்டுத் தொட்டிதான். பெண்கள் அங்கே என்ன செய்வார்கள்? நெடுஞ்சாலையோரம் அடையாறு ஆனந்த பவன் போன்ற சைவக் கிளைக் கடைகள் பெருகியதற்கு இட்லியைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். காலை ஏழு மணிக்கு அங்கே நிறுத்தி, பொங்கலும் வடையும் சாப்பிட்டு, முகம் கழுவிக் கிளம்புவதில் ஒரு குறையும் இல்லை. ருசி எல்லாக் கிளையிலும் ஒன்றுபோல இருக்கும். மோசமாகாது, ஆச்சரியமும் தராது. காலை டிபனுக்கு அது போதும். மதியமும் இரவும் ஊருக்குள்.

காபி விஷயத்தில் மட்டும் நெடுஞ்சாலையே ஜெயித்துவிட்டது. செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து இரு பக்கமும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள். கீற்றுக் கொட்டகை, வரிசையாகப் பளபளக்கும் பித்தளை டபராசெட், பில்டரிலிருந்து அப்போது இறங்கிய டிகாக்‌ஷன். கும்பகோணத்துக்கும் இவற்றில் பலவற்றுக்கும் பலகையைத் தவிர வேறு உறவு இருக்குமா என்று கேட்கக் கூடாது. முதல் டிகாக்‌ஷன் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். காலை ஏழுக்குள் என்றால் இருக்கும். பதினொரு மணிக்குப் போனால் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியதைப் பாலின் தயவில் குடிக்க வேண்டியிருக்கும்.

இந்த முறை குடும்பத்தோடு குற்றாலம்வரை போகிற திட்டம். வண்டி ஓட்டிய தம்பி மேலூர்க்காரர். மதுரை வட்டாரத்தில் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு என்ன இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். திருச்சி தாண்டியதும், “நேரா துவரங்குறிச்சி வழியா மதுரை போயிரலாமா, மணப்பாறை வழியா திண்டுக்கல் போயிட்டுப் போவமாண்ணே?” என்றார். சுற்றுதான். ஆனால் அவர் கேட்ட தொனியிலேயே பதில் இருந்தது.

மணப்பாறையில் முறுக்கு வாங்கினோம். கடைத் தெருவில் இன்னமும் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே வாங்கலாம். ஒருமுறை பொரித்து ஆறவிட்டு மறுபடி பொரிக்கிற முறுக்கு. அந்த மொறுமொறுப்புக்கு அதுதான் காரணம். ஊர்க்காரர்கள் இந்த மண்ணின் உப்புத் தண்ணீரையும் காரணமாகச் சொல்வார்கள்.

திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட ஒரு நேரம் உண்டு. பன்னிரண்டுக்குச் சற்று முன்னே பின்னே முதல் தேக்சாவின் மூடியைத் திறப்பார்கள். அந்த முதல் அரை மணி நேரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். இங்கே பாஸ்மதிக்கு வேலையில்லை. சீரகச் சம்பா, சீரகம்போலவே சின்னஞ்சிறு மணி; வெந்தாலும் நீளாது. மசாலாவையும் கறிச் சாற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் திண்டுக்கல் பிரியாணியை ஆற விட்டால் இறுகிப்போகிறது. பார்சல் வாங்கி ஓட்டல் அறையில் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கா இத்தனை பேரு?” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பாதி பிரியாணியைத்தான் பார்த்திருக்கிறார்கள். நாகசாமி நாயுடு 1957-இல் ஆனந்த விலாஸ் என்று தொடங்கிய கடை, அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவால் தலப்பாக்கட்டி ஆயிற்று. இன்றைக்கு அதற்கு ஊரெல்லாம், நாடெல்லாம் கிளைகள். வேணு பிரியாணிக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. எது உசத்தி என்று திண்டுக்கல்காரர்களிடம் கேட்டால் மாலைவரை பேசுவார்கள். எனக்கு அதில் கட்சி இல்லை. இந்த ஊரில் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் சாதாரணக் கடையிலும் நல்ல பிரியாணி கிடைக்கும். மூன்றரைக்குப் போனால் பெரிய பெயர்ப்பலகையும் காப்பாற்றாது. என் மனைவி எழுந்திருக்கும்போது, “சென்னையில இதே பேர்ல சாப்பிட்டது என்னது அப்போ?” என்று கேட்டாள். அதுவும் பிரியாணிதான். ஆனால் இங்கே பக்கத்து மேசையில் இருந்தவர் பூட்டுக்கடைக்காரர். வாரத்தில் மூன்று நாள் வருகிறாராம்.

புது ஊரில் எங்கே சாப்பிடுவது என்று யாரைக் கேட்பது? லாட்ஜ் ரிசப்ஷனில் கேட்டால் உங்கள் சட்டையைப் பார்த்து, ஏ.சி. இருக்கிற இடத்தைச் சொல்வார்கள். ஆட்டோக்காரர் சில ஊர்களில் கமிஷன் கடைக்குக் கொண்டுபோவார். என் அனுபவத்தில் மெடிக்கல் ரெப்புகளைவிட நம்பகமானவர்கள் இல்லை. மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராக அலைகிறவர்கள்; வயிறு கெட்டால் வேலை கெடும்; சொந்தக் காசில் சாப்பிடுகிறவர்கள் ஆகையால் விலையும் தெரியும். டாக்டர் கிளினிக் வாசலில் தோல்பையோடு நிற்பவரிடம் கேளுங்கள். ஒரே வரியில் சொல்வார்: “கோர்ட்டுக்குப் பின்னாடி ஒரு மெஸ் இருக்கு, ஒரு மணிக்குள்ள போயிருங்க.” கோர்ட், கலெக்டர் ஆபீஸ், பழைய பஸ் ஸ்டாண்ட் இவற்றின் முதுகுப்புறம் தேடினால் வீணாகாது. அங்கே மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் குமாஸ்தாக்களும் கல்யாணமாகாத வாத்தியார்களும் இருப்பார்கள். அவர்கள் நாளையும் அந்தச் சாம்பாரையே சாப்பிட்டாக வேண்டும். அதில் சோடா உப்பையும் அதிக எண்ணெயையும் போட்டு ஏமாற்ற முடியாது.

மதுரைக்கு அன்று மாலை போய்ச் சேர்ந்தோம். திண்டுக்கல்லிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் சாப்பாட்டுக்காகவே ஒருநாள் கூடத் தங்கலாம் என்றால் அது இந்த ஊரில்தான். மற்ற ஊர்களில் கடைகளுக்குப் பெயர் உண்டு. மதுரையில் ஒவ்வொரு மணிக்கும் பெயர் உண்டு. வெயில் தாழும்போது விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். மாலை டிபனுக்கு மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பம். ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் பிரேம விலாஸில் இலைத் துண்டில் வைத்துத் தரும் சுடச்சுட அல்வா. இருட்டியதும் தள்ளுவண்டியில் பருத்திப் பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் சேர்ந்து கொதிக்கும். தொண்டை கட்டியவர்கள் மருந்தாகக் குடிப்பார்கள்; மற்றவர்கள் அந்தச் சாக்கில் குடிப்பார்கள்.

இரவு ஒன்பதுக்கு மேல் சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை. தோசை ஊற்றி, அதன்மேல் முட்டை, முட்டையின்மேல் கொத்துக்கறிக் குழம்பு பரப்பி, திருப்பிப் போட்டு எடுப்பார்கள். மூன்று அடுக்கு. ஒன்று சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. என் பையன் இரண்டாவது கேட்டபோது சப்ளையர் அவனை ஏற இறங்கப் பார்த்து, “தம்பி, முதல்ல இத முடிங்க, அப்புறம் பேசுவோம்” என்றார். அவர் சொன்னதே சரியாயிற்று. விற்பதைவிட இலையில் மிஞ்சக் கூடாது என்று நினைக்கிற சப்ளையர் இருக்கிற கடையை நம்பலாம்.

மறுநாள் மதியம் மெஸ் சாப்பாடு. குமார் மெஸ், அம்மா மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர் பெற்றவை பல. முறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இலை போடுவார்கள், சோறு விழும், பிறகு குழம்பு வாளிகள் வரிசையாக வரும்: மட்டன், கோழி, மீன், சில இடங்களில் நண்டு. எது வேண்டுமோ ஊற்றிக்கொள்ளலாம்; ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். ரசம், மோர் கடைசி. இதற்கிடையில் ஒருவர் பெரிய தட்டில் கிண்ணங்களை அடுக்கி இலைக்கு மேல் காட்டுவார். சுக்கா, நல்லி, ஈரல், குடல், மூளை, கோலா உருண்டை, வஞ்சிரம் வறுவல். “அண்ணே, சுக்கா இப்பத்தான் இறக்குனது, வைக்கவாண்ணே?” பசியில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் சாப்பாட்டு விலை ஒரு பங்கு, கிண்ணங்களின் விலை நாலு பங்கு என்று பில் வரும். ஏமாற்று இல்லை, அதுதான் கடையின் முறை. கிண்ணத்தை வைக்கும் முன்பே “எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். மதுரையில் யாரும் அதைக் கஞ்சத்தனமாக நினைக்க மாட்டார்கள். மூன்று பேருக்கு இரண்டு கிண்ணம் தாராளம். குழம்புகளையே ஒழுங்காகச் சாப்பிட்டால் கிண்ணம் தேவையே இல்லை என்பதும் உண்மை.

ஒன்றுக்கு மட்டும் விலை பார்க்க வேண்டாம்: அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட வராத ஆற்று மீன், குளத்து மீன். உயிரோடு வாங்கி, பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, முழுசாகவே குழம்பில் போடுவார்கள். புளியும் சின்ன வெங்காயமும் மல்லியும் அரைத்த குழம்பு. முள் இருப்பது நாக்குக்குத் தெரியாது. கிலோ விலை ஆட்டுக்கறியையும் தாண்டிவிடுகிறது, வரத்து குறைவு. கண்மாயில் தண்ணீர் இல்லாத ஆண்டில் கேட்டால், “இன்னைக்கு அயிரை வரலண்ணே” என்று கையை விரிப்பார்கள். அப்படிச் சொல்கிற கடை நல்ல கடை. எல்லா நாளும் எல்லாம் இருக்கிறது என்று அட்டை காட்டும் கடையில் குளிர்பெட்டி வேலை செய்கிறது என்று பொருள். பயணத்தில் நான் மெனு கார்டை நம்புவதில்லை. நூற்றைம்பது அயிட்டம் அச்சடித்த அட்டையைக் கையில் வாங்கினாலும் மூடிவைத்துவிட்டு, “என்ன சூடா இருக்கு?” என்று கேட்பேன். அதற்கு சப்ளையர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் அங்கே உட்காருவேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தெற்கு வழி ஒன்றும் பட்டினி வழி இல்லை. மதுரையில் நள்ளிரவிலும் இட்லிப் பானையில் ஆவி வரும். வெள்ளைத் துணியில் ஊற்றி எடுத்த இட்லி, இலையில் நாலு வகைச் சட்னி, நல்லெண்ணெயில் குழைத்த பொடி. எச்சரிக்கை ஒன்றே ஒன்று: வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் தேங்காய்ச் சட்னியைத் தொடாதீர்கள். காலையில் அரைத்தது அதற்குள் திரும்பியிருக்கும். தக்காளி, கார வகை தாங்கும். வெளியூரில் வயிறு கெடுகிறவர்கள் பெரும்பாலும் பரோட்டாவைத்தான் குற்றம் சொல்வார்கள். பாவம், அது கல்லில் வெந்து வருகிறது. சால்னா அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கிறது. குற்றவாளி ஆறிப்போன சட்னியாகவும் டம்ளரில் வைத்த தண்ணீராகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மதுரையிலிருந்து தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் விருதுநகர். எண்ணெய், பருப்பு, வத்தல் வியாபார ஊர். இந்த ஊர்ப் பரோட்டாவை எண்ணெய்ப் பரோட்டா என்கிறார்கள். கல்லின் ஓரம் உயர்ந்திருக்கும். நடுவில் எண்ணெய் தேங்கியிருக்கும். அதில் பரோட்டாக்களைப் போட்டுப் பொரிப்பார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மிருது. இலையில் நொறுக்கிப் போட்டு சால்னாவை ஊற்றினால் முதல் இரண்டு வாய் மொறுமொறுப்பாகவும் பிறகு ஊறியும் இரண்டு விதமாகச் சாப்பிடலாம். பர்மா கடை இதில் பேர் பெற்றது. எண்ணெய் மண்டி இருக்கிற ஊரில் பரோட்டா எண்ணெயில் குளித்தது தற்செயல் இல்லை என்பது என் ஊகம். ஆதாரம் கேட்டால் கிடையாது. மாலை ஆறரைக்கு மேல் போக வேண்டும். நாங்கள் போனபோது பகல். ஆகவே திரும்பி வரும்போது என்று தள்ளிவைத்தோம். பரோட்டாவுக்காகப் பகலில் கடை வாசலில் நிற்பதில் அர்த்தமில்லை. மத்தியானம் கிடைக்கும் பரோட்டா காலையில் போட்டு அடுக்கியது.

சாத்தூரில் காராச் சேவு. கோவில்பட்டியில் கடலை மிட்டாய், 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கரிசல் மண்ணில் மானாவாரியாக விளைந்த கடலை, வெல்லப் பாகு, மேலே தூவிய தேங்காய்த் துருவல். பைபாஸில் நிறுத்தினால் பத்துக் கடையில் ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருக்கும். பஜாருக்குள் போனால் எழுதியிருக்காது. சாப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். இவற்றுக்கு மேல் இங்கே தங்க வேண்டியதில்லை.

திருநெல்வேலிக்கு வெயில் சாய்ந்தபின் போய்ச் சேர்வது நல்லது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். ஒரு மங்கலான விளக்கு, பெயர்ப்பலகை இல்லை, வாசலில் வரிசை. கொஞ்ச நேரத்தில் சரக்குத் தீர்ந்துவிடும். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது. கிலோ கணக்கில் பார்சல் வாங்குகிறவர்களே வரிசையில் அதிகம். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை முன்னால் நின்ற பெரியவர் சொன்னார்: “ஐம்பது கிராம் இலையில வாங்கி இங்கனயே தின்னுருங்க அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டுபோறது ஊருக்குச் சொல்றதுக்கு.” அப்படியே செய்தோம். சூட்டில் அது தொண்டையில் இறங்குவதற்கும், நாலு நாள் கழித்து டப்பாவைத் திறந்து கத்தியால் வெட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை.

நெல்லையின் உண்மையான பெருமை கடையில் கிடைக்காது. தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கும் சொதி, கூடவே இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சைவப் பிள்ளைமார் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. சில ஹோட்டல்களில் இப்போது வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பலகையில் எழுதியிருந்ததையும் பார்த்தேன். ஆனால் சொதிக்கு முதல் தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்க வேண்டும், காத்திருந்தால் திரிந்துவிடும். ஹோட்டல் அடுப்பு அந்த அவசரத்துக்கு ஒத்துவராது. நெல்லையில் ஒரு நண்பர் வீடு இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுச் சாப்பிடுங்கள்.

அங்கிருந்து தென்காசி, குற்றாலம். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது அருவியில் நின்றுவிட்டு வந்தவனுக்கு வரும் பசி வேறு ரகம். எண்ணெய் தேய்த்து, தலையில் தண்ணீர் இடித்து, குளிர் காற்றில் உடம்பு நடுங்க வருகிறவன் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான். குற்றாலத்து ஓட்டல்கள் சிலவற்றுக்கு அந்த விஷயம் நன்றாகத் தெரியும். அதனால் அருவிக்கரையில் சாப்பிடாமல் செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூருக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் பார்டர் என்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை இங்கே ஓடியது. இப்போது கேரள எல்லை மேற்கே மலைப்பக்கம் தள்ளிப் போய்விட்டது. பார்டர் என்ற பெயரும் பரோட்டாக் கடைகளும் மட்டும் நின்றுவிட்டன.

ரஹ்மத் கடை பெயர் பெற்றது. அதே பெயரின் சாயலில் இன்னும் பல. பரோட்டா அளவில் சிறியது, துணிபோல மெல்லிசு. இலையில் நாலைந்தைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றி ஊறவிட்டுவிட வேண்டும். கூட மிளகு போட்டு வறுத்த நாட்டுக்கோழி, காடை. தக்காளி, சிவப்புச் சாயம் எதுவும் இல்லாத கருத்த வறுவல்; மிளகும் கறிவேப்பிலையும் எண்ணெயும்தான் தெரியும். கல்லுக்கு முன்னால் நிற்கும் மாஸ்டர் மாவை வீசுவதையும், அடித்துத் தளர்த்துவதையும் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். மதுரையில் திட்டு வாங்கிய என் பையன் இங்கே கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டி வந்த தம்பி மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. “நல்லாத்தான்ணே இருக்கு. ஆனா மேலூருல எங்க தெருமுனைக் கடைக்கு வந்து பாருங்க.” அவர் அந்தக் கடைக்கு நாளையும் போகிறவர், அவர் பேச்சில் நியாயம் இருக்கும். அடுத்த பயணத்தில் மேலூரில் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பார்டருக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சீசனில் சனி, ஞாயிறு இரவு போகாதீர்கள். அன்றைக்கு வருகிற கூட்டம் முழுக்க அருவியிலிருந்து வருகிற கூட்டம். பரோட்டா வேகும் முன்பே கல்லிலிருந்து எடுக்கப்படும். செவ்வாய், புதன் போனால் ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஏழு மணிக்குள் உட்காருங்கள், கோழியின் விலையை முதலில் கேளுங்கள், சால்னாவை இரண்டாம் முறை கேட்கத் தயங்காதீர்கள். அதற்குக் காசு கிடையாது.